இடிந்தகரையில் பார்த்த அந்த வரி மீன் எது?

தம்பி, நீங்கள் எழுதியதில் எனக்குப் பயன்பட்டது இவ்வளவுதான்: இடிந்தகரைப் பக்கம் தூண்டில் வளைவுக் கற்களை (கடல் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் வளைவாகப் போட்ட கற்சுவர்) ஒட்டி மாஸ்க்கும் ஸ்நார்க்கலும் மாட்டி இறங்கியிருக்கிறீர்கள், ஆளுயரத் தண்ணீர், வெளிர் உடம்பில் கறுப்பு வரி போட்ட மீன்கள் இருபது முப்பது கூட்டமாக நின்றன, முதுகில் மஞ்சள் தெரிந்தது, ஆளைக் கண்டு ஓடாமல் முகத்துக்கு நேரே வந்தன, தனியாக நின்ற ஒன்று மட்டும் விரலைக் கொத்தப் பார்த்தது. போட்டோ கலங்கிப்போய்விட்டது. என்ன மீன், விஷம் உண்டா, மகன் ரெண்டு பிடித்துத் தொட்டியில் விடலாம் என்கிறானே சரிதானா என்று மூன்று கேள்வி.

முதல் கேள்விக்கு நேரடிப் பதில்: அது பெரும்பாலும் அபுடெஃப்டஃப் வைகியென்சிஸ். டைவிங் போகிறவர்கள் சார்ஜென்ட் மேஜர் என்பார்கள், இந்தோ-பசிபிக் சார்ஜென்ட் என்றால் இன்னும் துல்லியம். டாம்செல் குடும்பத்து மீன். வெள்ளியும் இளநீலமும் கலந்த உடம்பு, மேல்முதுகில் மஞ்சள் பூச்சு, தலைக்குப் பின்னாலிருந்து வாலடி (உடம்பு ஒடுங்கி வால் துடுப்பு தொடங்குகிற இடம்) வரை ஐந்து கறுப்புக் குறுக்குப் பட்டை. நன்றாக வளர்ந்தால் 20 செ.மீ. வரும், கரையோரம் நாம் பார்ப்பதெல்லாம் அதில் பாதிதான். மன்னார் வளைகுடாவில் பாறையோ பவளமோ கல்லோ கொஞ்சம் இருந்தால் போதும், முதலில் வந்து நிற்கிற மீன்களில் இதுவும் ஒன்று.

ஆனால் வரியை மட்டும் வைத்து நான் இதைச் சொல்லவில்லை. கடலில் வரி போட்ட மீனுக்குப் பஞ்சமே கிடையாது, பார்த்துவிட்டு வருகிற எல்லோருக்கும் வரிதான் நினைவில் நிற்கிறது. எது என்ன மீன் என்று தீர்ப்பது பெரும்பாலும் வாலும் வாலடியும், அப்புறம் அது எங்கே நின்றது, என்ன செய்துகொண்டிருந்தது என்பதும்தான். நீங்கள் வாலைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. நல்லவேளையாகக் கற்களை ஒட்டிக் கூட்டமாக நின்றன, முகத்துக்கு நேரே வந்தன, ஒன்று கொத்த வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இவ்வளவு தூரம் சொல்ல முடிகிறது.

முதலில் பார்க்க வேண்டியது வரி குறுக்கே போகிறதா, நெடுக்கே போகிறதா என்பது. முதுகிலிருந்து வயிற்றுக்கு இறங்கினால் குறுக்கு, தலையிலிருந்து வாலுக்கு ஓடினால் நெடுக்கு. இதை எழுதாமல் வெறும் வரி மீன் என்றால் பாதிக் கடலும் உள்ளே வந்துவிடும். நெடுக்கு வரி என்றால் நம் கரையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு மீன் இருக்கிறது, கீச்சான். வலையிலிருந்து எடுக்கும்போது கீச்சுகீச்சென்று சத்தம் போடும். உடம்பில் மூன்று கறுப்பு வரி வில் மாதிரி வளைந்து வாலை நோக்கி ஓடும், முதுகுத் துடுப்பில் பெரிய கறுப்புத் திட்டு, வாலிலும் கறுப்புக் கோடுகள். மேலிருந்து குனிந்து பார்த்தால் அந்த வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டம் போட்டதுபோலத் தெரியும். அலை உடைகிற மணல் ஓரத்திலும் ஆற்று முகத்திலும் அதன் குஞ்சுகள் ஏராளம். நீங்கள் பார்த்தது கற்களை விட்டு விலகாத கூட்டம், முதுகில் மஞ்சள் வேறு இருந்திருக்கிறது. கீச்சான் மேல் மஞ்சள் பூச்சு இருக்காது, அதனால் கீச்சானைத் தள்ளிவிடலாம். பின்னால் எப்போதாவது கையில் பிடித்தால் செவுள் மூடியைப் பார்த்துப் பிடியுங்கள், அங்கே இருக்கிற முள் நன்றாகக் கிழிக்கும்.

இனி குறுக்குப் பட்டைக்காரர்கள். குழப்பமெல்லாம் இங்கேதான், ஏனென்றால் சார்ஜென்டுக்குச் சொந்தக்காரர்களே நாலைந்து பேர் இதே கடலில் இருக்கிறார்கள். அபுடெஃப்டஃப் செக்ஸ்ஃபாசியாட்டஸ் என்றொன்று, கண்ணுக்கு அச்சு அசல் உங்கள் மீன் மாதிரியேதான் இருக்கும், ஆனால் வாலின் மேல் கீற்றிலும் கீழ்க் கீற்றிலும் ஒவ்வொரு கறுப்புக் கோடு ஓடும். வைகியென்சிஸுக்கு வால் சுத்தமாக இருக்கும், கோடு கிடையாது. ஆக வாலைப் பார்க்காமல் இந்த ரெண்டையும் பிரிப்பது கஷ்டம். இன்னொன்று சார்டிடஸ், சாம்பல் உடம்பில் ஆறேழு மங்கலான அகலப் பட்டை, வாலடியின் மேல்பக்கத்தில் சேணம் போட்டதுபோல ஒரு கறுப்புத் திட்டு. அலை மோதித் திரும்புகிற பாறை இடுக்குதான் அதற்குப் பிடித்த இடம், குஞ்சுகள் பாறைக் குழித் தண்ணீரில் கிடக்கும். செப்டம்ஃபாசியாட்டஸும் ஏறக்குறைய அதே சாயல்தான், அந்தத் திட்டு மட்டும் இல்லை. பெங்காலென்சிஸுக்குப் பட்டைகள் மெலிசாகவும் ஆறேழாகவும் இருக்கும், வால் நுனி கூராக இல்லாமல் உருண்டிருக்கும். கடைசி மூன்றிலும் முதுகில் அந்தப் பளிச்சென்ற மஞ்சள் கிடையாது. நீங்கள் மஞ்சளை உறுதியாகச் சொல்வதால் போட்டி வைகியென்சிஸுக்கும் செக்ஸ்ஃபாசியாட்டஸுக்கும்தான். செக்ஸ்ஃபாசியாட்டஸ் பவளம் வளர்ந்த இடத்தை அதிகம் விரும்பும், கரையை ஒட்டிய வெறுங்கல் குவியலுக்கு முதலில் வருவது வைகியென்சிஸ். அதனால்தான் பெரும்பாலும் என்ற வார்த்தையைப் போட்டேன்.

பழைய இந்திய மீன் பட்டியல்களைப் புரட்டினால் இந்த மீனையே அபுடெஃப்டஃப் சாக்சாடிலிஸ் என்று போட்டிருப்பார்கள், குழம்ப வேண்டாம். சாக்சாடிலிஸ் 1758-லேயே லின்னேயஸ் பெயர் வைத்த மீன், அது அட்லாண்டிக் கடலுக்கு மட்டும் உரியது. ரெண்டும் பார்வைக்கு அவ்வளவு நெருக்கம் என்பதால் ரொம்ப காலம் ஒரே மீன் என்று நினைத்திருந்தார்கள். நம் பக்கத்து மீனை 1825-இல் குவாய், கெய்மார்ட் என்ற ரெண்டு பிரெஞ்சுக்காரர்கள் விவரித்தார்கள். யுரேனி என்ற கப்பலில் உலகம் சுற்றி வந்தபோது நியூகினியாவுக்குப் பக்கத்தில் இருக்கிற வைகியோ தீவில் கிடைத்ததால் அந்தப் பெயர். அந்தக் கப்பல் 1820-இல் ஃபாக்லாந்து தீவில் பாறையில் மோதி உடைந்தது, சேகரித்ததில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விட்டது, மிச்சம் பாரிஸுக்குப் போய்ச் சேர்ந்தது. கேள்விக்குத் தேவையில்லாத விஷயம்தான், எனக்குப் பிடிக்கும் என்பதால் எழுதினேன்.

குடும்பத்துக்கு வெளியேயும் சிலர் இந்த வேஷத்தில் வருவார்கள். அகான்தூரஸ் ட்ரயோஸ்டெகஸ் என்ற சர்ஜன் மீனை நான் இங்கே முக்கியமாகச் சொல்வேன். வெளிறிய சாம்பல் உடம்பு, பேனாவில் இழுத்ததுபோல மெலிந்த கறுப்புக் கோடுகள், அதில் முதல் கோடு கண் வழியாகவே இறங்கும். மஞ்சள் கிடையாது. இதுவும் கூட்டமாகத்தான் வரும், ஆனால் ஆளைப் பார்க்க வராது, குனிந்து பாறைப் பாசியைக் கடித்துக்கொண்டே நகர்ந்து போகும். வாலடியில் ரெண்டு பக்கமும் சின்னக் கத்தி மாதிரி ஒரு முள், பிடித்தால் கையைக் கீறும். சார்ஜென்டுக்கோ நடுத் தண்ணீரில் மிதந்து வருகிற நுண்ணுயிர்தான் முக்கியமான தீனி, பாசியும் கொஞ்சம் தின்னும், அதனால் அது தரையை விட்டு எழும்பி நிற்கும். நீங்கள் முகத்துக்கு நேரே நின்றன என்று எழுதிய வரியைப் படித்ததும் சர்ஜன் மீனை விட்டுவிட்டேன்.

டாசில்லஸ் அருவானஸ் என்று வெள்ளையில் மூன்றே மூன்று தடித்த கறுப்புப் பட்டை போட்ட குட்டி டாம்செல் ஒன்றும் உண்டு, மீன்தொட்டிக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அது கிளை விட்ட பவளப் புதரை விட்டு ஒரு முழம் தள்ளிப் போகாது, ஆள் கிட்டே போனால் எல்லாம் சேர்ந்து புதருக்குள் புகுந்துவிடும். அது ராமேஸ்வரம் பக்கத்துத் தீவுகளில் பார்க்க வேண்டிய மீன், தூண்டில் வளைவுக் கல்லில் எதிர்பார்க்க முடியாது.

உடம்பு முழுக்கத் தங்க மஞ்சள், அதில் கறுப்புப் பட்டை என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் பாரைக் குஞ்சு என்று சொல்லியிருப்பேன். நேத்தனோடான் ஸ்பெசியோசஸ் என்ற தங்கப் பாரை சின்னதில் அப்படித்தான் இருக்கும், சொறி மீனோடும் பெரிய மீன்களோடும் ஒட்டிக்கொண்டு நீந்தும், வளர வளரப் பட்டை மங்கி, ஒரு மீட்டருக்கு மேல் போன கிழட்டு மீனில் சில கறுப்புப் புள்ளிகள் மட்டும்தான் மிஞ்சும். கழிமுகத்துப் பக்கம் பார்த்திருந்தால் கேரளாக்காரர்கள் உயிரை விடுகிற கரிமீனும் பட்டியலில் வந்திருக்கும், அதற்கும் குறுக்குப் பட்டை உண்டு, பச்சை கலந்த உடம்பில் வெள்ளைப் புள்ளி தூவியிருக்கும். இடிந்தகரைக் கற்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அளவைப் பற்றி ஒன்று. உள்ளங்கை நீளம் என்று எழுதியிருக்கிறீர்கள், நான் அதிலிருந்து கொஞ்சம் கழித்துக்கொண்டேன். மாஸ்க் கண்ணாடிக்கு முன்னால் தண்ணீர், பின்னால் காற்று, அதனால் ஒளி வளைந்து பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், இருக்கிற தூரத்தில் முக்கால்வாசியில் இருப்பதாகவும் தெரியும். எட்டு அங்குலம் என்று தோன்றுவது ஆறுதான் இருக்கும். நிறமும் அப்படித்தான், தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்கும், ஆழம் போகப் போக எல்லாம் நீலச் சாம்பலாகிவிடும். ஆளுயரத் தண்ணீரில் மஞ்சள் நன்றாகவே தெரியும் என்பதால் உங்கள் மஞ்சளை நம்புகிறேன்.

அந்தக் கொத்த வந்த மீன் விஷயம் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. கூட்டத்தில் இருந்தவை சும்மா வேடிக்கை பார்க்க, ஒன்று மட்டும் தனியாகக் கல்லை ஒட்டி நின்று பாய்ந்து வந்தது என்றால் அது முட்டை காக்கிற ஆணாக இருக்கலாம். இந்த இனத்தில் வீட்டு வேலை முழுக்க ஆணுக்குத்தான். ஒரு பாறை முகத்தைத் தேர்ந்தெடுத்துச் சுத்தம் செய்யும், பெண் வந்து முட்டையை அப்பிவிட்டுப் போய்விடும், குஞ்சு பொரிக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு ஆண் அகலாது. துடுப்பால் விசிறித் தண்ணீர் ஓடவைக்கும், கிட்டே வருகிற மீன், நண்டு, மனுஷன் எல்லோரையும் விரட்டும். அந்த நேரத்தில் ஆணின் உடம்பு வழக்கத்தைவிட நீலமாக மாறி மஞ்சள் அமுங்கிப்போகும், அதனால் கூட்டத்தில் இருப்பது ஒரு மீன், இது வேறொரு மீன் என்று நினைப்பவர்கள் உண்டு. கொத்த வந்த மீனுக்குப் பின்னால் பாறையில் கருஞ்சிவப்பாகவோ ஊதாவாகவோ தேய்த்துவிட்டதுபோல ஒரு திட்டு இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இருந்தால் அதுதான் முட்டை. நீங்கள் அங்கேயே நின்று அந்த ஆணை ரொம்ப நேரம் அலைக்கழித்தால், கூட்டத்தில் இருக்கிற மற்ற மீன்களே புகுந்து முட்டையைத் தின்றுவிடும். சொந்த இனம் என்ற தயவெல்லாம் கிடையாது.

மற்றவை கிட்டே வந்து நின்றதற்கு இவ்வளவு பெரிய காரணம் வேண்டியதில்லை. சார்ஜென்ட் இயல்பிலேயே துணிச்சலான மீன், படகிலிருந்து கொட்டுகிற மீன் கழிவுக்குப் பழகினது இன்னும் துணிச்சலாக வரும். குஞ்சாக இருக்கும்போது மிதக்கிற பாசி, கட்டை, அறுந்த வலை என்று எதன் அடியிலாவது ஒட்டிக்கொண்டு கடலில் அலையும். ஹவாயில் முன்பு இல்லாத இந்த மீன் இப்போது அங்கேயும் இருக்கிறது, மிதந்து வந்த வலைக் குப்பையோடு வந்திருக்கும் என்கிறார்கள், அங்கே இருந்த உள்ளூர் சார்ஜென்டோடு கலந்து கலப்புக் குஞ்சுகளும் உருவாகியிருக்கின்றன. மிதக்கிற எதையும் நிழல் என்று நினைத்து வருகிற மீனுக்கு நீங்களும் ஒரு கட்டைதான், தப்பாக நினைக்காதீர்கள். ரொட்டி மட்டும் போடாதீர்கள், போட்டால் கூட்டம் கையைக் கடிக்கிற அளவுக்கு வந்துவிடும்.

விஷம் உண்டா என்றால், சார்ஜென்டுக்குக் கிடையாது. கொத்தினாலும் சின்ன வாய், தோல் சிவக்கும், அவ்வளவுதான். ஆனால் அதே கற்களுக்கு நடுவே வரி போட்ட விஷ மீன் ரெண்டு இருக்கின்றன, உங்கள் பையனும் கூட இறங்குகிறான் என்பதால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒன்று வரிக் கெளுத்தி, புளோட்டோசஸ் லினியேட்டஸ். கரும்பழுப்பு உடம்பில் வெள்ளையோ வெளிர் மஞ்சளோ நெடுக்குக் கோடுகள், வாயைச் சுற்றி நாலு ஜோடி மீசை, வால் விலாங்கு மாதிரி கூராக முடியும். குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் நெருக்கி ஒரே உருண்டையாகத் தரையில் உருண்டு போகும், பார்க்க அவ்வளவு அழகு, பிள்ளைகள் கையை நீட்டத்தான் செய்வார்கள். முதுகுத் துடுப்பிலும் ரெண்டு பக்கத் துடுப்பிலும் இருக்கிற முள் குத்தினால் வலி தாங்க முடியாது, பெரிய மீன் குத்தி ஆள் செத்த சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. வலையிலிருந்து கழித்து மணலில் வீசிய செத்த மீனின் முள்ளும் குத்தும், செருப்பில்லாமல் நடக்கிறவர்கள் கவனம். இன்னொன்று சிங்க மீன், சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை, விசிறி மாதிரி விரிந்த துடுப்பு. அது துரத்தி வராது, கல் இடுக்கில் அசையாமல் நிற்கும், நாம்தான் தெரியாமல் கை வைப்போம். ரெண்டில் எது குத்தினாலும், தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அந்த இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை முக்கி வைத்தால் வலி நன்றாகக் குறையும். கொதிக்கிற தண்ணீர் இல்லை, 45 டிகிரி போதும், குத்துப்பட்டவர் மரத்துப்போன கையால் பார்க்காமல் வேறொருவர் கைவிட்டுப் பார்த்துச் சூட்டை முடிவு செய்யுங்கள். முக்கி வைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், முள் உள்ளே உடைந்து இருந்தால் அவர்கள்தான் எடுக்க வேண்டும். கட்டு இறுக்குவது, கீறி ரத்தம் உறிஞ்சுவது இதெல்லாம் வேண்டாம்.

மறுபடி போய்ப் பார்க்கிற எண்ணம் இருந்தால் காலம் பார்த்துப் போங்கள். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற மாதங்களில் நம் கரையில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்து ஆட்டும், தண்ணீர் கலங்கிக் கை தெரியாது, அலையும் கல்லில் தூக்கி அடிக்கும். தை பிறந்து பங்குனி வரைக்கும் தெளிவு நன்றாக இருக்கும், அதிலும் காலையில் காற்று எழும்புவதற்கு முன்னால். சித்திரை, வைகாசியில் காற்றே இல்லாமல் திடீரென்று கடல் உள்ளே ஏறும், கள்ளக்கடல் என்பது அதைத்தான். தெற்கே வெகுதூரத்தில் எழுந்த அலை இங்கே வந்து சேருவது அது. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் முன்கூட்டியே எச்சரிக்கை விடும், அந்த நாளில் தூண்டில் வளைவுப் பக்கமே போக வேண்டாம். மற்ற நாட்களிலும் வளைவின் முனைக்குப் போகாதீர்கள், அங்கே நீரோட்டம் இழுக்கும். அங்கே வலை பிரிக்கிற அண்ணாச்சி யாராவது இருந்தால் இறங்கலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

போட்டோவுக்கு ஒரு யோசனை. மீனைத் துரத்தாதீர்கள், துரத்தினால் முதுகும் கலங்கலும்தான் படத்தில் விழும். ஒரே இடத்தில் மிதந்துகொண்டிருங்கள், சார்ஜென்ட் தானாகச் சுற்றி வந்து பக்கவாட்டைக் காட்டும், அப்போது வாலும் வாலடியும் படத்துக்குள் வருகிற மாதிரி எடுங்கள். வீடியோ எடுத்து அதிலிருந்து ஒரு நொடியை நிறுத்தி எடுப்பது இன்னும் சுலபம். ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் போட்டால் மீன் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள், ஃபிஷ்பேஸ் என்ற மீன் விவரத் தளத்தில் ஒவ்வொரு இனத்துக்கும் படம், அளவு, எந்தக் கடலில் உண்டு என்பதெல்லாம் இலவசமாகக் கிடைக்கிறது.

தொட்டி விஷயத்தில் என் பதில் வேண்டாம் என்பதுதான். சட்டப்படி பார்த்தால் 1986-இல் அறிவித்த மன்னார் வளைகுடாக் கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் மண்டபத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் இருக்கின்றன, இடிந்தகரை அந்த எல்லைக்குள் வராது. பவளம், கடல் குதிரை, கடல் அட்டை மாதிரி எந்தக் கடலில் தொட்டாலும் குற்றம் என்கிற பட்டியலிலும் சார்ஜென்ட் இல்லை. நான் வேண்டாம் என்பது மீனின் குணத்துக்காக. முதல் நாளிலிருந்தே உப்புத் தண்ணீர், அதற்கான வடிகட்டி, உப்பளவு பார்க்கிற கருவி என்று செலவு ஆரம்பிக்கும். அதையெல்லாம் செய்தாலும் குட்டியாக இருக்கிற வரைக்கும்தான் சாது, கொஞ்சம் வளர்ந்ததும் தொட்டி முழுக்கத் தனக்கே என்று மற்ற மீன்களை ஓட ஓட விரட்டும், ரெண்டு விட்டால் ஒன்று மூலையில் கிடந்து தேயும். 20 செ.மீ. வளர்கிற, நாள் முழுக்க நீந்துகிற மீனுக்கு வீட்டு ஹாலில் வைக்கிற தொட்டி பத்தாது.

பையனுக்கு ஆசை தீர வேண்டுமென்றால் தண்ணீர் நன்றாக வற்றுகிற நேரம் பார்த்துப் பாறைக் குழிகளுக்குக் கூட்டிப்போங்கள். அங்கே விரல் நீளச் சார்டிடஸ் குஞ்சுகள் கிடைக்க வாய்ப்பு அதிகம், ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீரோடு மொண்டு பக்கவாட்டில் பார்த்தால் வாலடியில் அந்தக் கறுப்புச் சேணம் தெரிகிறதா என்று அவனே கண்டுபிடித்துவிடுவான். கிண்ணத்துத் தண்ணீர் வெயிலில் சீக்கிரம் சூடாகும், ரெண்டு மூன்று நிமிஷத்தில் எடுத்த குழியிலேயே திரும்ப விட்டுவிடச் சொல்லுங்கள்.